பின்னாடி லைட்டு

மதிய வெயிலில் ஒரு கார் சலூன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாதிக்கு மேல் உள்ளே வந்து நிற்கிறது. சுழல் நாற்காலி காலியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தவர் சக்கரத்துக்கடியில் கிடக்கிறார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை, கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி சிவந்துகொண்டே வருகிறது. விரட்டி வந்த போலீஸ்காரர், காரோட்டியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் பளார் பளாரென்று அறைகிறார். சவரக்கத்தியைக் கீழே வைக்காமலே சலூன்காரர் அலறுகிறார்: "அடியில கெடக்குறது எங்க அக்கா புருஷன் சார்! இந்தக் கார்க்காரன் அப்படி என்ன பண்ணிட்டான்னு இந்த விரட்டு விரட்டுனீங்க?" போலீஸ்காரரின் ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கிறது. "பின்னாடி லைட்டு எரியல... நிறுத்தச் சொன்னேன், நிக்கல." வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காரின் பின்புறத்தில், மோதிய குலுக்கலில் உயிர்பெற்ற அந்த விளக்கு பளிச்சென்று எரிகிறது.