களையெடுத்த பாத்தி

அங்கம்மா பல்கலைக்கழகப் பண்ணையில் களையெடுக்கும் கூலியாள். அதே பண்ணையில் அவள் மகள் நிறைமதிக்கு ஆராய்ச்சிக்கென்று ஒரு சோளப் பாத்தி உண்டு. களையை விட்டுவைத்தால் பயிருக்கு நன்மை செய்யும் பூச்சிகள் வருமா என்று அறிய, இரண்டு பருவமாக அங்கே களையெடுக்காமல் பூச்சிகளை எண்ணிக் குறித்துவந்தாள்.

அன்று காலை பாத்தியில் சோளம் மட்டும் நின்றது. பிடுங்கிய களை வரப்பில் குவியலாக வாடிக் கிடந்தது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"உன் பாத்தியப் பாத்து எல்லாரும் சிரிக்கிறாளுவ, கண்ணு. அதான் வெள்ளனவே வந்து எடுத்துட்டேன்."

நிறைமதிக்குக் கோபம்கூட வரவில்லை. வரப்பில் உட்கார்ந்தவள், அம்மாவின் உள்ளங்கையில் ஏறியிருந்த நெருஞ்சி முட்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

நிறைமதியின் பேராசிரியர் வந்து நின்றார். குவியலைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார்.

"யாரும்மா இதப் பிடுங்குனது?"

ஆராய்ச்சிப் பாத்தியில் கைவைத்த கூலியாளை மறுநாள் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். தான்தான் என்று சொல்ல நிறைமதி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, முகம் நிறையச் சிரித்தாள்.

"நான்தான் சார். ஒத்த ஆளா."