சுவரோரம்

காலையிலிருந்து கதவைத் திறந்து திறந்து அந்த அம்மாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அந்த ராக் பாடகன் இருபத்தாறு வயதில் விபத்தில் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த நாள் வந்தால் போதும், கறுப்புச் சட்டை போட்ட கூட்டம் வாசலுக்கு வந்துவிடும்.

“அம்மா, அவரு எங்க உக்காந்து கிட்டார் வாசிப்பாரு?” கடைசியாக வந்த ரசிகன் கேட்டான்.

“அந்தச் சுவரோரம்தான். ராத்திரி பகல் கிடையாது.”

அவன் சுவரைத் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எப்படிம்மா தாங்கினீங்க?”

“தாங்கித்தானே ஆகணும். போயிட்டு வாப்பா.”

கதவைப் பூட்டிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு பின்வாசல் வழியாக, சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க. அம்பது பேருக்குக் குறையாது.”

“முத வருஷம் வீடு மாறி உன் கதவைத் தட்டினாங்களே, அப்பவே இங்க அனுப்பியிருக்கலாம். பெத்தவ நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு இந்தப் பாடு?”

“உன்னாலதான் அவன் பேரைக்கூட முழுசாச் சொல்ல முடியலையே.”

“அது சரி. அவனைப் பத்தி வர்றவங்ககிட்ட அவ்வளவு பேச உனக்கு எங்கேருந்து வருது?”

அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“சத்தம் தாங்கலைன்னு போலீஸுக்கு ஏழு தடவை புகார் எழுதினவ நான். ஒரு பாட்டு விடாமக் கேட்டுத்தானே எழுதினேன்.”