ஆனந்தராஜின் ரத்தம்

ரத்தப் பரிசோதனை இயந்திரம் திடீரென்று அலறியது. ஆய்வக உதவியாளர் நாமகிரி ஓடிவந்து திரையைப் பார்த்தாள். மறுபடியும் ஆனந்தராஜின் ரத்தம்தான்.

ஓரிக்கை ஊர் ஆனந்தராஜுக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம். அதற்கான மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பு ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுத்தார். மறுநாளே மாரடைப்பில் இறந்துபோனார். பாலாற்றங்கரையில் எரித்துவிட்டார்கள்.

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் ஒரு என்சைமின் வேகம் கூடும். ஃபிரிட்ஜில் வைத்த ரத்தத்தில் அது குறையத்தான் வேண்டும். ஆனால் இந்த டியூபில் அந்த வேகம் திங்களன்று இருபது. செவ்வாயன்று முப்பத்தொன்று. இன்று நாற்பத்து நான்கு.

"டியூபை மாத்தி வெச்சிருக்கே. நாளைக்கும் இப்படி வந்தா வேலைக்கு வராதே," என்றார் டாக்டர்.

நாமகிரி பதறிப்போய் ஆனந்தராஜின் மனைவி ஜெயம்மாளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அவர் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா?"

போனில் கதவு தடதடக்கும் சத்தம் கேட்டது. ஜெயம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உயிரோட இருக்கசொல்ல ஒண்ணுகூட முழுங்கலமா. இப்போ அவரு படத்துக்கு முன்னால தினம் ஒண்ணு வெக்கிறேன், காலையில பாத்தா இருக்கறதில்ல. நேத்தோட தீந்துபோச்சு. கை நடுங்கிக்கினே கதவத் தட்டிக்கினு நிக்கிறாரு, சீக்கிரம் ரெண்டு மாத்திரை குடுத்தனுப்பும்மா!"