ஆடாத தூண்

இன்னும் பதினெட்டு மணி நேரம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அஞ்சலை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கிள்ளானில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த வீடியோ கடையில், அவளும் அம்மா வீரம்மாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவள் தேடி வந்தது ஒரு குறும்படம். ரயில் கேட்டுக் காவலாளி ஒருவரின் ஒரு நாள், இருபது நிமிடம். அறுபத்திரண்டில் செந்தூல் பக்கம் எடுத்தது. வெளிநாட்டில் பரிசு வாங்கிய படம்.

நடிகர் வராத ஒரு நாளில், அந்தக் கேட்டில் வேலையிலிருந்த நிஜக் காவலாளியின் கையிலேயே விளக்கைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். அவர்தான் அஞ்சலையின் அப்பா கன்னையா.

மறு வருடமே அவருக்கு வேலை போயிற்று. கை நடுங்குகிறது, குடித்துவிட்டு வருகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அஞ்சலைக்கு நாலு வயதானபோது ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார்.

“படக்காரங்க குடுத்த காசுலதான் குடிக்கப் பழகுனாரு. அதுக்கு முன்னால கள்ள மோந்துகூடப் பாத்ததில்ல.” இருபத்தைந்து வருடமாக அம்மா இதையேதான் சொல்லி வந்தாள்.

அப்படியென்றால் படத்தில் அந்தக் கை ஆடக்கூடாது.

ஆடக்கூடாது என்றுதான் அஞ்சலை வேண்டிக்கொண்டிருந்தாள். அப்பா குடிகாரராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மகள் வேண்டிக்கொள்வது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு வாரமாக வேலை முடிந்ததும் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் கிடைத்த டேப்பில், ஒரு பெரிய படத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த இடத்தில் இதைப் பதிந்திருந்தார்கள். அப்பா வருவதற்குள் டேப் தீர்ந்துவிட்டது.

அடுத்தது, டிவியில் போட்டபோது யாரோ பிடித்து வைத்தது. அடியில் ஓடிய அறிவிப்பு சரியாக அந்தக் கையை மறைத்துக்கொண்டு போயிற்று.

செந்தூலில் கிடைத்ததில் எல்லாம் இருந்தது. ஆனால் நகலுக்கு நகல் எடுத்த டேப். கை ஆடியது, பக்கத்தில் இருந்த கேட்டுத் தூணும் ஆடியது, வானமே ஆடியது.

அஞ்சலை காப்பாரில் உள்ள எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். ஒன்றை அளக்க வேண்டுமானால் மாறாத இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம். தூண் ஆடாமல் நிற்கும் ஒரு டேப் வேண்டும். அது போதும்.

“மூணு கடை சுத்திட்டு நம்மகிட்ட வந்திருக்கீங்க. மொதல்லயே வந்திருந்தா பஸ் காசு மிச்சம் லா,” என்றார் கடைக்கார விஜயன். “இது டேப்புல இருந்து எடுத்த டேப்பு இல்ல, தங்கச்சி. ரீல்ல இருந்து நேரா எடுத்தது. கண்ணாடி மாதிரி இருக்கும்.”

அவர் ஆளுக்கொரு கிளாஸ் மைலோ கொண்டுவந்து வைத்தார். அஞ்சலை தன்னுடையதைத் தொடவில்லை.

“குடியேன். மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி,” என்றாள் அம்மா. “கையும் மொட்டையா. போட்டிருந்த வளையலையும் கழட்டி எங்க போட்டியோ. அந்த மனுசனப் பாக்க இவ்வளவு தூரம் பஸ்ஸு வேற.”

அப்பாவின் முகம் அஞ்சலைக்கு நினைவில்லை. தூணருகில் விளக்கோடு வருவது நடிகர் இல்லை, அப்பாதான் என்று உறுதியாகச் சொல்லத்தான் அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள்.

படம் ஓடியது. ரயில் போயிற்று. பொழுது சாய்ந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் கேட்டுத் தூணின் அருகில் வந்து நின்றார்.

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள்.

“இவருதான்.”

பதினோரு வினாடி வரும் காட்சி. செந்தூல் டேப்பில் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தாள்.

தூண் ஆடவில்லை. பெயின்ட் உரிந்த இடம்கூடத் தெரிந்தது. தண்டவாளம் ஆடவில்லை. அப்பாவின் சட்டைப் பொத்தான் ஆடவில்லை.

மணிக்கட்டு ஆடியது. அதிலிருந்து விரல்களுக்கு இறங்கி, விளக்கு வரைக்கும் வந்தது.

“பாத்தீங்களா, டேப்பு கொஞ்சமாவது ஆடுதா?” என்றார் விஜயன் பெருமையாக.

“இன்னொரு தடவ போடுங்கண்ணே.”

போட்டார். தூண் நின்றது. கை நிற்கவில்லை.

வீரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவரு குடிக்கவே ஆரம்பிக்கலியே.” பிறகு, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல, “வெளக்கு கனமா இருந்திருக்கும்,” என்றாள்.

அஞ்சலை கைப்பையிலிருந்து வலக்கையை எடுத்தாள். எழுந்து போய் அதைத் திரைக்குப் பக்கத்தில், அப்பாவின் கையை ஒட்டி நீட்டினாள்.

“என் கையில வெளக்குகூட இல்லம்மா,” என்றாள். “மூணு மாசமா இப்படித்தான் ஆடுது. அப்பாவுக்கும் இருந்துச்சான்னு நாளைக்குக் காலையில டாக்டர் கேப்பாரு.”