பெரிய வலிக்கு வைத்திருந்தது

"ஒண்ணுகூட வீணாக்கல டாக்டரய்யா" என்று அமலோற்பவம் ஜெபப்புத்தகத்தைத் திறந்து, குருத்தோலைச் சிலுவைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அவள் கணவர் சிங்கராயருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது நான் கொடுத்தனுப்பியது. நெஞ்சு வலித்ததும் ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். பத்தும் அப்படியே இருந்தன.

"எப்பம்மா வலிச்சுது?"

"நேத்து மத்தியானமே கொஞ்சம் வலிச்சுது. சின்ன வலிக்கெல்லாம் போட்டுத் தீத்துட்டா பெரிய வலிக்கு எங்க போகன்னாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைத்தான் அறைய முடிந்தது. திரைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் அவர் நெஞ்சை அழுத்தியும் உயிர் திரும்பாமல் அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அவள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இது பெரிய வலிதான? இப்ப வச்சிரலாமா அய்யா?"