கிராபிக்ஸ் கார்டுக்குக் காய்ச்சல்

"இந்தப் பிரபஞ்சம் காரணம், காரியம் எண்ட ரெண்டு தண்டவாளத்திலதான் ஓடுது. சாமி, சகுனம் எல்லாம் பயந்தவன்ர வேலை!"

கதிரேசு கையை உயர்த்தி இப்படிப் பிரகடனம் செய்த அதே நொடியில், மகளின் கணினித் திரை பச்சையும் ரோஜா நிறமுமாகக் கோடு கோடாகக் கிழிந்து, படக்கென்று இருண்டது.

"பிரபஞ்சம் ஓடட்டும்பா. என் கம்ப்யூட்டர் ஓடலையே!" என்றாள் லக்ஷனா.

அவள் பதற்றத்தில் நியாயம் இருந்தது. மலாக்காக் கடலோரம் இருக்கும் உம்பாயில் வரப்போகும் கடல் உணவகம் ஒன்றின் உள் அலங்காரத்தைக் கணினியில் வரைந்திருந்தாள். கதவைத் திறந்து உள்ளே நடந்து போவதுபோல் அதை இன்று மதியம் உணவக முதலாளிக்குக் காட்ட வேண்டும். தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு வந்த முதல் பெரிய வேலை. இன்று காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். ஆனால் போன வாரத்திலிருந்து, உணவகக் கதவு திறந்ததுமே திரை செத்துப் போகிறது.

கதிரேசு ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் ஊரான புலாவ் செபாங்கில் யார் வீட்டு விளக்கு மினுக்கினாலும் அழைக்காமலே போய் விளக்கம் சொல்வார். சில சமயம் விளக்கும் எரியும்.

"உது டிரைவர் பிழை, பிள்ளை. கிராபிக்ஸ் கார்டை ஓட்டுற மென்பொருள் பழசாப் போச்சு" என்றார். புதியதைப் போட்டார். திரை செத்தது.

"அப்ப கரண்ட் ஏறி இறங்குது." ஸ்டெபிலைசர் வைத்தார். திரை செத்தது.

"அப்ப உன்ர அம்மான்ர சாம்பிராணிப் புகை!"

சமையலறையிலிருந்து கனகாம்பிகையின் குரல் வந்தது. "ஓமோம், ஊரில எது பழுதானாலும் என்ர சாம்பிராணிதான்."

"பின்ன? போன கிழமை ஆயுத பூசைக்குத் தாயும் மகளும் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய், டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைச்சு நசுக்கினீங்கள். படிச்ச சனம்! நான் வந்தனானே? வீட்டில இருந்து உருப்படியா வேலை பார்த்தனான்."

லக்ஷனா மலாக்காவில் கணினிக் கடை வைத்திருக்கும் ரிஸாலுக்குப் போன் போட்டாள்.

பேச்சில் மலாய் 'லா' ஒட்டிக்கொள்ளும் ரிஸால் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். திரை சாவதை ஒரு தடவை பார்த்தான். பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான்.

"கார்டு ரொம்ப சூடாகுது, சிஸ்டர். ஆனா ஃபேன் சத்தமே இல்லையே லா. தொறந்து பாக்கணும்."

"திறக்கத் தேவையில்லை!" கதிரேசு பெட்டிக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றார். "உது முழுக்க மென்பொருள் பிரச்சினை, தம்பி."

"ரெண்டு ஸ்குரூதான், அங்கிள்."

"உள்ள தூசு போகும். கையில இருந்து கரண்ட் பாயும். கேள்விப்பட்டிருக்கிறீரோ?"

"அதுக்குத்தான் அங்கிள், கையில பட்டி கட்டியிருக்கேன்."

"அப்பா, தள்ளுங்க! கஸ்டமர் இப்ப லைனுக்கு வந்துடுவார்."

வேறு வழியில்லாமல் கதிரேசு விலகினார். ரிஸால் கார்டைக் கழற்றித் திருப்பினான்.

மூன்று விசிறிகளின் நடுவிலும் வட்டமாகச் சந்தனம். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். ஈரச் சந்தனம் இடுக்குகளில் வழிந்து காய்ந்து, மூன்றையும் சுற்ற விடாமல் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"சந்தனம், குங்குமம் எல்லாம் இருக்கு. பூ மட்டும்தான் லா காணோம்" என்றான்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, விசிறிகளை விரலால் சுண்டிவிட்டான். சுழன்றன. கார்டை மாட்டிக் கணினியை எழுப்பினான். உணவகக் கதவு திறந்தது. லக்ஷனா மேசைகளுக்கு நடுவே புகுந்து, கடல் தெரியும் ஜன்னல் வரை போய், திரும்பியும் வந்துவிட்டாள். திரை இமைக்கவில்லை.

போன மூச்சு திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"அம்மா! காருக்கு வச்சீங்க, சரி. இதுக்குமா?"

மூடநம்பிக்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்ற இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. கதிரேசு ஏனோ வாசற்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கனகாம்பிகை கையைத் துடைத்தபடி வந்தாள். "எனக்கு உந்தப் பெட்டியில ஸ்குரூ எங்க இருக்கெண்டே தெரியாது. அண்டைக்கு முழுக்க நானும் நீயும் கோயிலிலதானே நிண்டனாங்கள்?"

விசிறிகள் இதமாக இரைந்தன. மூன்று பேரும் மெல்ல ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"உன்ர முதல் பெரிய வேலை எண்டபடியால்…" என்று இழுத்த கதிரேசு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சின்னப் பொட்டுத்தான், பிள்ளை, வைச்சனான்."