ஒரே தடவை

"ஒரு எழுத்துகூட மாத்தாம வாசிக்கிறேன் ஐயா" என்று ஊர் அறிவிப்பாளர் குய்லியென் சொன்னாள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்த ஊர் மின்பணியாளர் லெய், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் போட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஊருக்கே நீதான் வாய். அதையும் வித்துட்டியா?"

"உன் வாய மூடிட்டு வேலையப் பாருண்ணே."

மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கோங், தேநீர்க் குடுவையைத் திறந்தபடி சிரித்தார். அவர் வடசீனாக்காரர். தெற்கே இந்த ஹூனான் மலைப்பக்கம் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அவர் நீட்டிய அறிவிப்பின் தலைப்பே நாலு வரி. 'நீர்வள மேம்பாடு', 'நான்காம் கட்டம்', 'கருத்தொருமிப்பு' என்றெல்லாம் இருந்தது. உள்ளே இருந்த விஷயம் சின்னது: ஊரின் ஒன்பது தாமரைக் குளங்களையும் தூர்த்து, விடுமுறை பங்களாக்கள் கட்ட ஒரு நிறுவனத்துக்கு முப்பது வருஷம் கொடுக்கிறார்கள். நண்பகல் பன்னிரண்டுக்கு இதே ஊர் அலுவலகத்தில் கூட்டம். வராதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.

நாலாவது குளத்தில் தாமரை போட்டிருப்பவர் லெய். ஏழாவது குளம் குய்லியென்னுடையது.

யாரும் வரக் கூடாது என்பதே கோங்கின் கணக்கு. ஊர்க்காரர்களின் கைபேசிக் குழுவை, பராமரிப்பு வேலை என்று சொல்லி முந்தாநாளே முடக்கியாயிற்று. ஆனால் ஒலிபெருக்கியில் அறிவிக்காமல் கூட்டம் செல்லாது.

பதினொரு கம்பங்களில் பதினொரு குழாய் ஒலிபெருக்கிகள். ஒரு காலத்தில் கம்பி வழியே பேசியவை, இப்போது சிம் கார்டில் பேசுகின்றன. பேசிய ஒவ்வொரு சொல்லும் அந்த நொடியே மாவட்டக் கணினியில் பதிவாகும். 'அறிவித்தோம்' என்பதற்கு அதுவே சாட்சி. கோங்குக்கு அது வசதிதான். ஆனால் பெட்டி குய்லியென்னின் விரல் ரேகைக்கு மட்டுமே திறக்கும்.

அவள் எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை வாசிப்பவள். முதலில் பொதுமொழியான மாண்டரினில், அது அரசாங்கத்துக்கு. அடுத்து ஊர்ப்பேச்சில், அது ஊருக்கு. மாண்டரின் ஓடும்போது ஊர் வாத்துக்குத் தீனி போடும், தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கும். பிறகுதான் காதைக் கொடுக்கும்.

இது கோங்குக்கும் தெரியும்.

"ஊர்ப்பேச்சு வேண்டாம். அதுல நீங்க என்ன கலப்பீங்களோ, எனக்கு ஒரு மண்ணும் புரியாது. மாண்டரின்ல மட்டும் வாசிங்க."

"ஒரே தடவைதானே ஐயா?"

"ஒரே தடவைதான்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. நாளைக்கு என் தலையில விடியக் கூடாது."

கோங் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பயந்தாங்கொள்ளி" என்றார் லெய்.

மணி பதினொன்று. குய்லியென் மைக்கில் மூன்று தடவை ஊதினாள். தொலைக்காட்சிச் செய்தி மாதிரி நிறுத்தி நிதானமாக, தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்தாள். நாலு நிமிஷம். பிறகு விசையை அணைத்தாள். சிவப்பு விளக்கு போனது. குளத்துப் பக்கமிருந்து வாத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் லெய்.

"அவ்வளவுதான்."

பதினொன்றேகால். வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. "அருமையான ஊர். எவ்வளவு அமைதி!" என்று கோங் இரண்டாவது கோப்பை ஊற்றினார்.

பதினொன்றரைக்குக் கறிக்கடை ஓவ்யாங், கையில் கத்தியும் இடுப்பில் ரத்தத் துணியுமாக ஓடிவந்தான். "அக்கா! மயக்கம் கியக்கம் போட்டுட்டியா?"

"நல்லாத்தான் இருக்கேன். உக்காரு."

அவன் பின்னால் ஒருத்தி தொடைவரை குளத்துச் சேற்றோடு வந்தாள். அப்புறம் அரிசி நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒருவர், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இன்னொருத்தி. குய்லியென் அறிவிப்புத் தாளை வாசற்கதவில் ஒட்டி, கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாள். படித்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. பன்னிரண்டு அடிக்கும்போது வீட்டுக்கு ஒருவராவது முற்றத்தில் இருந்தார்கள். இடம் போதாமல் மதில்மேலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

குய்லியென் வருகைப் பதிவேட்டை மேஜைமேல் விரித்தாள். "மணி ஆச்சு ஐயா. கூட்டத்தை ஆரம்பிக்கலாமா? சம்மதம் இல்லாதவங்க எந்தப் பக்கம் கைரேகை வைக்கணும்?"

கோங் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "இது சூழ்ச்சி! ஏதோ குறிப்புச் சொல் வெச்சு ஊரைக் கூட்டியிருக்க!"

லெய் மாவட்டக் கணினியில் ஏறிய பதிவைப் பெட்டியில் ஓடவிட்டார். மூன்று ஊதல். பிறகு அறிவிப்பு, கோங் கொடுத்தது கொடுத்தபடி. பிறகு விசை அணையும் சத்தம். அவ்வளவுதான்.

கோங் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "அந்த மாண்டரின் உங்கள்ல யாருக்குக் காதுல விழுந்துச்சு? கை தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை. மதில்மேலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"அப்புறம் எதைக் கேட்டுட்டு ஓடிவந்தீங்க? உங்க ஊர்ப்பேச்சுல இவ ஒரு வார்த்தைகூடப் பேசலையே!"

ஓவ்யாங் கத்தியைத் துணியில் துடைத்தான்.

"அதான் வந்தோம்."